தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

திருவனந்தபுரம்



களியக்காவிளையைக் கடந்து நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கங்களிலிருந்தும், ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டை, தென்காசிப் பக்கங்களிலிருந்தும், ஆசாரிப்பள்ளம் மருத்துவமனையோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்டோ எழுதிக் கொடுத்த சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, நினைவிழந்த தகப்பனாரையோ மகனையோ ஆம்புலன்ஸில் ஏற்றி இந்நகரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்து, மெடிக்கல் காலேஜிலோ ஸ்ரீசித்ராவிலோ வேறொரு தனியார் மருத்துவமனையிலோ, தீவிர சிகிச்சைப் பிரிவின் சாத்திய கதவுக்கு வெளியே இராப்பகலாக உட்கார்ந்திருக்கும் உங்களை முன்னிட்டு இம்மடலை எழுதத் துணிந்தேன். நான் வைத்தியன் அல்லன். இவ்வூரில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் தமிழன். மனிதர்களிடத்து நடத்தப்பெறும் மருத்துவ ஆராய்ச்சி எதனையும் தொடங்குமுன் பரிசீலித்து அனுமதிக்க வேண்டிய நெறிமுறைக் குழுவில், வைத்தியம் படிக்காத சாமானியர் ஒருவரும் இருந்தாக வேண்டுமென்று விதி வகுத்திருக்கிறபடியால், அத்தகைய குழு ஒன்றில் சில காலம் அமர்ந்து பணியாற்றும் வாய்ப்புப் பெற்றவன். அங்கே படித்த ஏடுகளும், கேட்ட வாதங்களும், வாயிலில் உங்களைப் போன்றோரோடு பேசிய பேச்சுகளும் என் மனத்தில் உறுதிப்படுத்திய ஒரு கருத்தை உங்களிடம் சொல்லாமல் இருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

காத்திருப்பின் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, நோயாளியின் பெயரைச் சொல்லி, ‘பைஸ்டாண்டர் யார்?’ என்று அழைத்தபடி ஓர் இளம் மருத்துவர் வெளியே வருகிறார். அவர் கையில் சில தாள்கள் இருக்கின்றன. ‘இப்படி ஓர் ஆராய்ச்சி நடக்கிறது; உங்கள் நோயாளியை அதில் சேர்த்துக்கொள்ளச் சம்மதமா?’ என்று கேட்கிறார். அந்த நிமிஷத்தில் நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் மேற்கொள்கிறார்கள். மறுத்தால் டாக்டருக்கு மனத்தாங்கல் ஏற்பட்டு உள்ளே கவனிப்புக் குறைந்துவிடுமோ என்று அஞ்சி, ஒரு வரியும் படிக்காமல் கையொப்பமிடுகிறார்கள். அல்லது, ‘எங்கள் ஆளை வைத்துப் பரீட்சை பார்க்கிறார்களே’ என்று பதறி, ஒரு வார்த்தையும் கேட்காமல் தாளைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றே, அது அச்சம். அச்சத்தால் ஒப்பவும் வேண்டாம், அச்சத்தால் தள்ளவும் வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஏனெனில், உள்ளே உங்கள் நோயாளியின் உயிரைத் தாங்கி நிற்கிற சிகிச்சை முறைகளிற் பல, உலகின் ஏதோ ஒரு நகரத்தில், இதே போன்ற கதவுக்கு வெளியே, இதே போன்ற கலக்கத்தில், முகமறியாத ஒருவர் படித்துப் பார்த்துச் சம்மதித்ததனால் கிடைத்தவை.

இந்நகரம் உங்களுக்கு அந்நியமானதன்று என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்குள்ள மருத்துவக் கல்லூரியை 1951 நவம்பர் 27ஆம் நாள் பண்டித நேரு திறந்துவைத்தபோது, கன்னியாகுமரிப் பிரதேசம் இதே இராஜ்யத்தின் பகுதியாகவே இருந்தது. 1956 நவம்பர் முதல் நாளன்றுதான் அது தமிழகத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு மாறியதே தவிர, நோயுற்றவரைத் திருவனந்தபுரத்துக்குத் தூக்கி வருகிற வழக்கம் மாறவில்லை. ஆகவே, இங்கே கேள்வி கேட்க நமக்கு என்ன உரிமை என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

உள்ளே நடப்பதைப் பற்றிச் சிறிது சொன்னால்தான் அந்தத் தாளின் பொருள் விளங்கும். பார்வை நேரத்தில் ஐந்து நிமிஷம் உள்ளே விட்டபோது, நோயாளியின் முகத்தைக் காட்டிலும் தலைமாட்டில் ஒளிர்கிற மானிட்டரையே நீங்கள் கூர்ந்து பார்த்திருப்பீர்கள். 94 என்ற எண் 92 ஆனவுடன் உங்கள் நெஞ்சு துடித்திருக்கும். விரலில் மாட்டியிருக்கும் அந்தச் சிறு கருவி, இருவகை ஒளியைச் சதையினூடே செலுத்தி, பிராணவாயு ஏறிய இரத்தமும் ஏறாத இரத்தமும் அவ்வொளிகளை வெவ்வேறு அளவில் உறிஞ்சிக்கொள்ளும் இயல்பைக் கொண்டு, உடம்பில் ஊசி குத்தாமலே அந்த எண்ணைக் கணக்கிட்டுச் சொல்கிறது. 1970களில் இத்தத்துவத்தைக் கண்டவர் ஜப்பானியப் பொறியியலாளரான தகுவோ அஓயாகி. அவருடைய கருவி உலகத்தின் வீடுதோறும் புகுந்துகொண்டிருந்த கொரோனாக் காலத்தில், 2020 ஏப்ரலில், அவர் காலமானார். அவருக்கு நாம் செலுத்த வேண்டிய நன்றிக்கு அளவே இல்லை.

செயற்கைச் சுவாசத்தின் கதை இன்னும் பழையது. 1952ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொள்ளை நோயாகப் பரவி, மூச்சுத் தசைகள் செயலிழந்த குழந்தைகள் கூட்டம் கூட்டமாக மாண்டுகொண்டிருந்தபோது, பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, இரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தலாமென்று காட்டினார். அவ்வளவு நோயாளிகளுக்கு இயந்திரங்கள் இல்லாதபடியால், மருத்துவ மாணவர்கள் நூற்றுக்கணக்கில் முறை வைத்துக்கொண்டு, படுக்கையருகே அமர்ந்து, மாதக்கணக்கில் கையாலேயே அப்பிள்ளைகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே இன்று நீங்கள் வாயிலில் காத்துக் கிடக்கிற தீவிர சிகிச்சைப் பிரிவு.

ஆனால் மூச்சுக் கொடுக்கலாம் என்று அறிந்ததனாலேயே எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடவில்லை. நுரையீரல் முழுவதும் நீர் கோத்து விறைத்துப்போன நோயாளிகளுக்கு, உடல் எடையின் கிலோ ஒன்றுக்கு 12 மில்லி லிட்டர் அளவில் காற்றைச் செலுத்துவது பலவிடங்களில் வழக்கமாக இருந்தது. இரத்தத்தின் வாயுக் கணக்குகள் அதனால் நேர்த்தியாகக் காணப்பட்டன. அமெரிக்க மருத்துவமனைகள் சில ஒன்றுகூடி, 861 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அந்த அளவையும் மற்றொன்றுக்கு அதில் பாதியான 6 மில்லி லிட்டரையும் கொடுத்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டன. பழைய அளவில் நூற்றுக்கு 39.8 பேர் இறந்தனர். பாதி அளவில் 31. கணக்கில் அழகாகத் தெரிந்த மூச்சு, நலிந்த நுரையீரலை உள்ளிருந்தே கிழித்துக்கொண்டிருந்தது. இன்று உங்கள் உறவினருக்கு வெண்டிலேட்டரில் வைக்கப்பட்டிருக்கும் அளவு அந்த ஆராய்ச்சியின் வழிவந்ததே.

நம் தென்பாண்டிச் சாலைகளிலிருந்து இங்கு வந்து சேரும் தலைக்காய நோயாளிகளை நினைக்கும்போது, வேறொரு வரலாறு என் மனத்தை விட்டு அகல்வதில்லை. மண்டையில் அடிபட்டு மூளை வீங்கியவருக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகின் பல பாகங்களில் நடந்துவந்தது. வீக்கத்தைத் தணிக்கும் மருந்து. மூளையில் இருப்பதோ வீக்கம். எனவே கொடுப்பது நலம் என்பதே தருக்கம். கற்றறிந்த மருத்துவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். பிழைத்தவர்களைக் கண்டு மருந்தின் பெருமை என்றும், இறந்தவர்களைக் கண்டு காயத்தின் கொடுமை என்றும் எண்ணினார்கள். இப்படி எண்ணுகிற மனம் யாருக்குத்தான் இல்லை? சிறு சிறு ஆய்வுகள் பல நடந்தும் உண்மை புலப்படவில்லை. இறுதியில், இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு 1999இல் தொடங்கிய ‘கிராஷ்’ என்னும் ஆராய்ச்சி, இந்தியாவையும் உள்ளிட்டு 49 நாடுகளில் 239 மருத்துவமனைகளை ஒன்று சேர்த்தது. இருபதாயிரம் பேரைச் சேர்ப்பதென்று திட்டம். பாதி வழியில், 10,008 பேர் சேர்ந்திருந்த நிலையில், 2004 மே மாதம் அதை நிறுத்திவிட்டார்கள். ஏனெனில் மருந்து பெற்றோரில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர் நூற்றுக்கு 21.1, மருந்தின் சாயலிலிருந்த வெறும் கரைசலைப் பெற்றோரில் 17.9 என்று கணக்கு காட்டிற்று. நூற்றுக்கு மூன்று என்பது சிறிய வேற்றுமையாகத் தோன்றலாம். ஆண்டுதோறும் உலகில் தலையில் அடிபட்டு மருத்துவமனை சேர்வோர் இலட்சக்கணக்கினர் என்பதை நினைத்துப் பார்த்தால், யாரும் தீங்கு எண்ணாமலே, யாருடைய கண்ணுக்கும் புலப்படாமலே, எத்தனை குடும்பங்கள் தலைவனை இழந்திருக்கும் என்பது விளங்கும். தனித்தனி மருத்துவர் எத்தனை மேதையானாலும் தம் வாழ்நாள் அனுபவத்தைக் கொண்டு அந்த மூன்றைக் கண்டிருக்க முடியாது. பதினாயிரம் குடும்பங்களின் துணை அதற்கு வேண்டியிருந்தது.

அதே குழுவினர் அடுத்து நடத்திய ஆராய்ச்சி எதிர்த்திசையில் ஒரு நற்செய்தியைக் கொண்டுவந்தது. அடிபட்டு இரத்தம் கொட்டுகிறவர்களுக்கு, டிரனெக்ஸாமிக் அமிலம் என்ற பழைய, மலிவான மருந்தை, ஜப்பானில் ஒகமோதோ தம்பதியர் கண்டெடுத்ததை, 40 நாடுகளில் 274 மருத்துவமனைகளில் 20,211 பேரிடம் ஆராய்ந்து, மரணத்தை நூற்றுக்கு 16 என்பதிலிருந்து 14.5 ஆகக் குறைக்கிறது என்று 2010இல் அறிவித்தார்கள். காயம் பட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன், பிந்தினால் கேடும் உண்டு என்பது தொடர்ந்து தெரியவந்தது. இந்தியாவின் மருத்துவமனைகளும் அதில் பங்குகொண்டன. அங்கே நினைவிழந்து கிடந்தவர்களுக்காகச் சம்மதம் சொன்னவர்களில் உங்களைப் போன்ற உறவினர்களே மிகுதி.

கருவிகளைப் பற்றியும் இதே நியாயம் செல்லும். கூடுதலாகக் கண்காணித்தால் கூடுதலாக உயிர் பிழைக்கும் என்று எண்ணுவது இயல்பு. ‘அந்த ஆசுபத்திரியில் இன்னும் பெரிய மெஷின் இருக்கிறதாமே’ என்று வாயிலில் எத்தனையோ பேர் ஏக்கத்தோடு பேசக் கேட்டிருக்கிறேன். வீட்டை அடமானம் வைத்து நோயாளியை இடம் மாற்றியவர்களும் உண்டு. 1970இல் சுவான், கான்ஸ் என்ற இருவர் அறிமுகப்படுத்திய குழாய் ஒன்று, கழுத்துச் சிரையின் வழியே இருதயத்தினுள் சென்று நுரையீரல் தமனியின் அழுத்தத்தையே அளந்து சொல்ல வல்லது. உலகமெங்கும் அதைப் பயன்படுத்தினார்கள். பிரிட்டனில் 65 பிரிவுகளில் 1,041 நோயாளிகளிடம், குழாய் வைத்தும் வைக்காமலும் ஒப்பிட்டுப் பார்த்து 2005இல் வெளியிட்டபோது, மருத்துவமனையில் இறந்தவர் நூற்றுக்கு 68, 66 என்று ஏறத்தாழச் சமமாகவே இருந்தனர். மண்டையோட்டினுள் அழுத்தமானி பொருத்துவதைக் குறித்து பொலிவியாவிலும் ஈக்குவடாரிலும் 324 தலைக்காய நோயாளிகளிடம் நடந்து 2012இல் வெளியான ஆராய்ச்சியும், அழுத்தமானியைக் கொண்டு நடத்திய சிகிச்சை, ஸ்கேன் படங்களையும் படுக்கையருகே நோயாளியைத் திரும்பத் திரும்பச் சோதிப்பதையும் கொண்டு நடத்திய சிகிச்சையைவிட மேலானதாக இல்லை என்றே கண்டது. கண்காணிப்பு வீண் என்று இதனால் கொள்ளலாகாது. இரு சாராரும் இடைவிடாமல் கவனிக்கப்பட்டவர்களே. எண்ணைத் தருவது கருவியின் தொழில். அந்த எண்ணைக் கொண்டு எதைச் செய்தால் மனிதர் பிழைப்பார் என்பது தனியே ஆராய்ந்து அறிய வேண்டிய விஷயம். ஆகவே, இந்நகரத்தின் அரசு மருத்துவமனைப் படுக்கையில் உங்கள் நோயாளிக்கு அந்தப் பெரிய கருவி இல்லையே என்று உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள். நான்கு மணிக்கொரு முறை கண்மணியில் விளக்கடித்துப் பார்த்துக் குறித்து வைக்கிற நர்ஸம்மாவின் கை பெரிய காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறது.

கேரளத்திலேயே நடந்த பெரிய முயற்சி ஒன்றைச் சொல்கிறேன். மாரடைப்போடு வருவோருக்குச் செய்ய வேண்டியவை ஒன்றும் விட்டுப்போகாமல் இருக்க, சரிபார்ப்புப் பட்டியலும், மாதந்தோறும் மருத்துவமனைக்கு அதன் தரத்தைக் காட்டும் அறிக்கையும், உயிர்மீட்புப் பயிற்சியும் அடங்கிய ஒரு திட்டத்தை வகுத்து, இம்மாநிலத்தின் 63 மருத்துவமனைகளில், 21,374 நோயாளிகளிடம், 2014 நவம்பர் தொடங்கி ஈராண்டுகள் ஆராய்ந்தார்கள். சிகிச்சை முறைகள் சில திருந்தின. முப்பது நாளுக்குள் மரணம், மறுமாரடைப்பு முதலிய கேடுகள் நூற்றுக்கு 6.4 என்பதிலிருந்து 5.3 ஆகக் குறைந்து காணப்பட்டன. இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் கைதட்டு கிடைத்திருக்கும். ஆனால், காலப்போக்கில் தானாகவே ஏற்பட்டுவந்த முன்னேற்றத்தையும் மற்ற வேற்றுமைகளையும் கழித்துப் பார்த்தால், அக்குறைவைத் திட்டத்தின் பயனென்று கூறுவதற்கு இடமில்லை என்று அவர்களே 2018இல் உலகறிய எழுதினார்கள். தம் உழைப்பின் கணக்கைத் தமக்கு எதிராகவே இவ்வளவு நேர்மையாக எழுதுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதில் நான் பெருமைப்படுகிறேன். ஸ்ரீசித்ராவில் டாக்டர் வலியத்தான் அவர்களும் அவருடைய தோழர்களும் இருதய வால்வு ஒன்றை இந்நாட்டிலேயே உருவாக்க முனைந்தபோது, மூன்று வடிவங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்று, நான்காவதே தேறி, 1990 டிசம்பர் 6ஆம் நாள் முதன்முதலாக ஒரு நோயாளியின் இருதயத்தில் வைக்கப்பட்டது. தோல்வியை மறைக்காத அந்தப் பழக்கம் இவ்வூருக்குப் புதிதன்று.

கொரோனாக் காலத்தின் பிளாஸ்மா விவகாரத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நோயிலிருந்து மீண்டவரின் இரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவில் நோயை எதிர்க்கும் சக்தி இருக்குமாதலால், அதை நோயாளிக்கு ஏற்றினால் பிழைப்பார் என்ற நம்பிக்கை எங்கும் பரவிற்று. 2020 ஏப்ரலில் அந்தச் சிகிச்சையை ஆராய ஸ்ரீசித்ராவுக்கு அனுமதி கிடைத்தது இங்கே பெருஞ் செய்தியாக இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நாடு முழுவதும் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளைக் கொண்டு, 2020 ஏப்ரல் 22 முதல் ஜூலை 14 வரை நோயாளிகளைச் சேர்த்து, ‘பிளாசிட்’ என்னும் பெயரில் ஆராய்ச்சி நடத்தியது. இருபத்தெட்டு நாளுக்குள் இறந்தவர்களும் நோய் முற்றியவர்களும் பிளாஸ்மா பெற்றோரில் நூற்றுக்கு 19, பெறாதோரில் 18. கொள்ளை நோயின் நடுவே, படுக்கை கிடைக்காத நகரங்களில், உலகிலேயே முதலில் முடிந்த இத்தகைய பெரிய ஆராய்ச்சிகளில் ஒன்றை நம் நாட்டவர் நடத்திக் காட்டினார்கள். அவ்வாண்டு அக்டோபரில் அது வெளிவந்தும்விட்டது.

வெளிவந்த பிறகு நடந்ததை நினைத்தால்தான் மனம் வருந்துகிறது. அடுத்த ஆண்டு இரண்டாவது அலை அடித்தபோது, பயனில்லை என்று நம் மக்களின் உடம்பிலேயே கண்டறிந்த அந்தப் பிளாஸ்மாவுக்காகப் பிள்ளைகள் ஊர் ஊராக அலைந்தார்கள். இரத்த வகையைச் சொல்லி முன்பின் தெரியாதவர்களிடம் கெஞ்சினார்கள். கிடைக்காதவர்கள், ‘நாம் இன்னும் முயன்றிருந்தால் அப்பா பிழைத்திருப்பாரோ’ என்ற சுமையை இன்றும் நெஞ்சில் தாங்கியிருக்கிறார்கள். பிரிட்டனில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆராய்ச்சியும் அதே முடிவைச் சொன்ன பிறகு, 2021 மே 17ஆம் நாள்தான் அரசாங்கம் தன் சிகிச்சைப் பட்டியலிலிருந்து அதை நீக்கிற்று. இம்மடலைப் படிப்பவர்களில் அச்சுமையைத் தாங்கியவர் யாரேனும் இருப்பின், அவருக்கு அந்த ஆராய்ச்சியின் முடிவைச் சொல்கிறேன்: பிளாஸ்மா கிடைக்காததனால் உங்கள் தந்தை இறக்கவில்லை. இவ்வாறுதலை என் வாய்ச்சொல்லாகச் சொல்லவில்லை. சம்மதித்துக் கையொப்பமிட்ட அந்த 464 பேரின் பேரால் சொல்கிறேன். இதே காலத்தில், மலிவான டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து, வெண்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் மரணத்தை நூற்றுக்கு 41.4 என்பதிலிருந்து 29.3 ஆகக் குறைக்கிறதென்று அதே பிரிட்டிஷ் ஆராய்ச்சி காட்டியதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும். ஸ்டீராய்டு தலைக்காயத்தில் கொன்றது, இந்நோயில் காத்தது. முன்கூட்டி இதை ஊகித்திருக்கக் கூடியவர் யார்?

இவ்வளவும் கேட்ட பிறகும், ‘எங்கள் ஆளை வைத்துப் பரீட்சை பார்ப்பார்களோ’ என்ற ஐயம் உங்களுக்கு இருந்தால், அதை நான் குறைகூறமாட்டேன். அந்த ஐயத்துக்கு இவ்வூரிலேயே காரணம் உண்டு. 1999, 2000ஆம் ஆண்டுகளில் இங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையத்தில், வாய்ப்புற்றுநோய் கண்டவர்களிடம், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் ஒருவரின் தொடர்போடு சோதனை மருந்து ஒன்று செலுத்தப்பட்ட விவரம் 2001இல் வெளியாகி, பெரும் கொந்தளிப்பு எழுந்தது. தன் ஆராய்ச்சியாளர் தன்னுடைய நெறிமுறைக் குழுவின் அனுமதியின்றியே அதில் ஈடுபட்டார் என்று அப்பல்கலைக்கழகமே அவ்வாண்டு நவம்பரில் அறிவித்து, மனிதர்களிடத்து நடத்தும் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்க அவருக்குத் தடை விதித்தது. ஏழை நோயாளி எதையும் கேட்கமாட்டான் என்ற எண்ணம் படித்தவர்களிடத்தும் குடிபுகும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. குழுவின் கூட்டங்களில் அச்சம்பவம் என் நினைவை விட்டு ஒருபோதும் நீங்கியதில்லை.

அதன் பின்னர் விதிகள் இறுகியிருக்கின்றன. மருத்துவச் சோதனை ஒவ்வொன்றையும் யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் பதிவு செய்யும் ஏற்பாடு 2007இல் தொடங்கி 2009இல் கட்டாயமாயிற்று. 2019ஆம் ஆண்டின் புதிய விதிகள், குழுவின் தலைவர் அந்நிறுவனத்தைச் சாராதவராகவும், உறுப்பினரில் பாதிப்பேராவது வெளியாராகவும் இருக்க வேண்டுமென்கின்றன. மருந்துச் சோதனையால் தீங்கு நேர்ந்தால் அதற்குரிய சிகிச்சை இலவசமாகத் தரப்பட வேண்டும்; அச்சோதனையினாலேயே உறுப்பு இழப்போ மரணமோ நேர்ந்ததென்று கண்டால் நஷ்டஈடும் தரப்பட வேண்டும். ஒருமுறை சம்மதித்த பின்னும், காரணம் சொல்லாமலே, எந்த நிமிஷத்திலும் விலகிக்கொள்ளலாம். விலகியதற்காகவோ மறுத்ததற்காகவோ வழக்கமான சிகிச்சையில் அணுவளவும் குறைக்கலாகாது. நோயாளிக்கு நினைவு திரும்பினால், நீங்கள் அவருக்காகச் சொன்ன சம்மதத்தை அவரிடமே மறுபடியும் கேட்டாக வேண்டும். வேண்டாமென்று அவர் சொன்னால் அவர் சொல்லே இறுதி.

ஆகவே, அந்த இளம் மருத்துவர் தாளோடு வரும்போது, அவரை உட்காரச் சொல்லி, நீங்களும் உட்கார்ந்து கேளுங்கள். இந்த ஆராய்ச்சியில் சேராவிட்டால் எங்கள் நோயாளிக்கு என்ன சிகிச்சை நடக்கும், சேர்ந்தால் அதில் எது மாறும் என்று கேளுங்கள். எந்தப் பிரிவில் விழுந்தாலும் அடிப்படைச் சிகிச்சை நிற்காது என்பதை அவர் வாயால் சொல்லக் கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கென்று கூடுதலாக எத்தனை முறை இரத்தம் எடுப்பீர்கள், அந்தச் செலவு யாருடையது, பணம் கொடுத்து இதை நடத்துகிறவர் யார், பதிவெண் என்ன என்பனவும் கேட்கத் தக்கவையே. எந்த மருந்து யாருக்கு என்பதை மருத்துவரே தேர்ந்தெடுக்காமல் சீட்டுக் குலுக்குவதுபோல் கணினி தீர்மானிப்பதைக் கண்டு பலர் மனம் புண்படுகிறார்கள். தேர்ந்தெடுக்கும் உரிமை மருத்துவர் கையில் இருந்தால், தேறுவார் என்று அவர் நினைப்பவருக்கே புதிய மருந்து போகும். பிறகு தேறியது மருந்தாலா, நோயாளியின் சொந்த வலுவாலா என்று யாரும் சொல்ல முடியாது. அதற்காகவே அந்த ஏற்பாடு. இவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு, ‘அது எங்களுக்கே தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆராய்ச்சி’ என்று அவர் விடையிறுத்தால், அவரை நம்பலாம். ‘இது நிச்சயம் குணப்படுத்தும், உடனே கையெழுத்துப் போடுங்கள்’ என்று அவசரப்படுத்துகிறவரிடமே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. பங்குகொள்பவருக்குப் புரியும் மொழியில் விவரத் தாள் இருக்க வேண்டுமென்பது விதி. ஆனால் இவ்வூரில் பெரும்பாலும் உங்கள் கைக்கு வருவது மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ அச்சிட்டதாகத்தான் இருக்கிறது. பேச்சு மலையாளம் நமக்கு ஒருவாறு விளங்கும், எழுத்து விளங்காது. அந்த நிலையில் கையொப்பமிடாதீர்கள். ‘தமிழ்த் தாள் கொடுங்கள்’ என்று கேளுங்கள். கோபமாக வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். உங்களில் பத்துப் பேர் கேட்டால் குழுக்களின் முன் அது வேண்டுகோளாக வரும். நூறு பேர் கேட்டால், தென் மாவட்டத்து நோயாளிகளைச் சேர்க்கிற ஒவ்வோர் ஆராய்ச்சிக்கும் தமிழ்த் தாள் தொடக்கத்திலேயே தயாராக இருக்கும். அதுவரையில், படித்துச் சொல்ல ஒரு தமிழரை, மருத்துவமனைச் சிப்பந்தியாக இல்லாத ஒருவரை, சாட்சியாக அழைத்து வைத்துக்கொள்ளுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு அப்படி ஒரு நடுநிலைச் சாட்சி இருந்தே தீர வேண்டும் என்பதும் விதியே.

சம்மதித்தால் உங்கள் கையொப்பமிட்ட தாளின் ஒரு பிரதியும், யோசிக்க நேரம் வேண்டுமென்றால் விவரத் தாளும் உங்களிடம் தரப்பட வேண்டும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதன் கடைசிப் பக்கத்தில், ஆராய்ச்சி நடத்துகிறவரின் பெயருக்குக் கீழே, நெறிமுறைக் குழுவின் உறுப்பினர் செயலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண் உங்களுக்காகவே போடப்பட்டது. ஐயம் எழுந்தால், ஆராய்ச்சி நடத்தும் மருத்துவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால், வார்டு வாயிலில் நின்றபடியே அந்த எண்ணுக்குப் பேசுங்கள்; தமிழில் விளக்கக்கூடிய ஒருவரோடு பேச வேண்டும் என்று சொல்லுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நோயாளிகள் நலமுற விழையும்,
திருவனந்தபுரத்துத் தமிழன் ஒருவன்